பக்கவாதத்துக்குப் பிறகு மூளைப் பயிற்சியும் அறிதிறன் மறுவாழ்வும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பக்கவாதம் வந்தவரின் வீட்டார் முதல் சில நாட்களில் கை, கால், நடை ஆகியவற்றைப் பற்றித்தான் கேட்பார்கள். வீடு திரும்பிச் சில வாரங்கள் ஆனதும் கேள்விகள் மாறும். காலையில் சொன்னது மாலையில் ஏன் நினைவில் இல்லை, இரண்டு பேர் ஒரே நேரத்தில் பேசினால் ஏன் எரிச்சல் வருகிறது, கைப்பேசியில் உள்ள மூளைப் பயிற்சி விளையாட்டுகள் உதவுமா என்று கேட்பார்கள். நினைவு, கவனம், திட்டமிடல் போன்ற சிந்தனைத் திறன்களை, அதாவது அறிதிறனைப் பற்றிய அத்தகைய கேள்விகளுக்கு இங்கே விடை தரப்படுகிறது. இவை பொதுவான விளக்கங்கள் மட்டுமே. ஒருவருக்கு எந்தப் பயிற்சி பொருந்தும் என்பதை அவரை நேரில் பரிசோதித்தவரே முடிவு செய்ய முடியும்.

பக்கவாதம் கை கால்களைத்தானே பாதிக்கும்? சிந்தனையும் நினைவும் ஏன் குறைகின்றன?

மூளைக்கு இரத்தம் கொண்டு செல்லும் குழாய் அடைபட்டாலோ வெடித்தாலோ, அக்குழாயை நம்பியிருந்த பகுதியின் உயிரணுக்கள் இறந்துபோகின்றன. கையை அசைக்கும் பகுதி இறந்தால் கை செயலிழக்கிறது. கவனத்தையோ திட்டமிடலையோ நடத்தும் பகுதி இறந்தால் அந்தத் திறன் குறைகிறது. பெரும்பாலானவர்களுக்கு மொழி மூளையின் இடது பாதியிலும், சுற்றியுள்ள இடத்தைக் கவனிக்கும் திறன் பெரிதும் வலது பாதியிலும் அமைந்திருக்கின்றன. திட்டமிடலும் தன்னைக் கட்டுப்படுத்துதலும் முன்பகுதியைச் சார்ந்தவை. மூளையின் நடுவில் இருக்கும் தலாமஸ் போன்ற இடங்களில் மிகச் சிறிய சேதம் ஏற்பட்டாலும் நினைவாற்றல் வெகுவாகப் பாதிக்கப்படலாம். எனவே ஸ்கேனில் தெரியும் புள்ளியின் அளவை மட்டும் வைத்துப் பாதிப்பின் அளவைக் கணிக்க இயலாது.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். வீட்டார் ‘மறதி’ என்று குறிப்பிடுவதில் பெரும்பகுதி உண்மையில் கவனக் குறைவும் வேகக் குறைவும்தான். சொல்லப்பட்ட செய்தி மூளைக்குள் சரியாகப் பதியவே இல்லை என்றால், பிறகு அதை நினைவுகூர்வதற்கு எதுவும் இருக்காது. பக்கவாதத்துக்குப் பிறகு மிகுதியாகக் காணப்படுபவை சிந்தனை மந்தப்படுதல், கவனம் சிதறுதல், ஒரு வேலையைத் தொடங்கி ஒழுங்காக முடிக்க இயலாமை ஆகியவையே. எது குறைந்திருக்கிறது என்று சரியாகக் கண்டறியாமல் ‘நினைவாற்றல் பயிற்சி’ கொடுப்பதால் பெரும்பாலும் பயன் இராது.

இது எவ்வளவு பேருக்கு வருகிறது? டிமென்ஷியாவாக மாறிவிடுமா?

அமெரிக்க இதயச் சங்கம் 2023-இல் வெளியிட்ட அறிவியல் அறிக்கையின்படி, பக்கவாதத்திலிருந்து பிழைத்தவர்களில் 60 சதவீதம் பேர் வரை முதல் ஆண்டுக்குள் நினைவிலோ சிந்தனையிலோ ஏதேனும் ஒரு குறைபாட்டைச் சந்திக்கிறார்கள். அதிலும் முதல் இரண்டு வாரங்களில்தான் இது மிகுதி. லேசான குறைபாடு உள்ளவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் வரை ஆறு மாதங்களுக்குள் முழுமையாகத் தேறிவிடுவதும் உண்டு.

டிமென்ஷியா என்பது அன்றாட வாழ்க்கையையே குலைக்கும் அளவுக்கு நினைவும் சிந்தனையும் சரியும் நிலை. அது பற்றிய அச்சத்தை முற்றிலும் ஒதுக்கிவிட முடியாது. ஆனால் அளவோடு பார்க்க வேண்டும். பல ஆய்வுகளைத் தொகுத்து 2009-இல் வெளியான ஒரு மதிப்பீட்டின்படி, முதல் பக்கவாதத்துக்குப் பின் புதிதாக டிமென்ஷியா வந்தவர்கள் ஏறக்குறைய பத்தில் ஒருவர். மீண்டும் பக்கவாதம் வந்தவர்களிடையே அது மூன்றில் ஒரு பங்குக்கும் மேல். இரண்டாவது பக்கவாதத்தைத் தடுப்பதற்கு ஈடான மூளைப் பாதுகாப்பு வேறு இல்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை. இரத்த அழுத்த மாத்திரையைத் தவறாமல் எடுத்துக்கொள்வது பார்ப்பதற்கு மூளைப் பயிற்சி போலத் தோன்றாது. ஆனால் பல பயிற்சிகளைவிட அதன் பலன் உறுதியானது.

நன்றாக நடக்கிறார், நன்றாகப் பேசுகிறார். இருந்தும் ஏதோ மாறியிருக்கிறது. எப்படிக் கண்டுபிடிப்பது?

மருத்துவமனைப் படுக்கையில் இருப்பவரிடம் யாரும் வங்கிக் கணக்கைச் சரிபார்க்கச் சொல்வதில்லை. உணவு, மருந்து, உடை எல்லாம் மற்றவர்களால் நேரம் தவறாமல் கொடுக்கப்படும் இடத்தில் திட்டமிடும் குறைபாடு வெளியே தெரிய வாய்ப்பே இல்லை. அதனால்தான் பலருக்கு வீடு திரும்பிய பிறகு, சில வேளைகளில் வேலைக்குத் திரும்பிய பிறகே, குறை புலப்படுகிறது.

முதற்கட்டச் சோதனையாகப் பரவலாகப் பயன்படுவது 2005-இல் வெளியான மான்ட்ரியல் அறிதிறன் மதிப்பீடு. சுமார் பத்து நிமிடங்களில் முடியும். மொத்தம் 30 மதிப்பெண். 26-க்குக் கீழே வந்தால் மேலும் ஆராய வேண்டும் என்பது அதன் மூல அளவுகோல். கடிகாரம் வரைதல், ஐந்து சொற்களைச் சிறிது நேரம் கழித்து நினைவுகூர்தல் போன்றவை அதில் உண்டு. ஆனால் பேச்சு பாதிக்கப்பட்டவரும், இடது அல்லது வலது என ஒரு பக்கத்தைக் கவனிக்க இயலாதவரும் இந்தச் சோதனையில் உள்ளதைவிட மோசமான மதிப்பெண் பெறக்கூடும். இந்தக் குறையைக் கருதியே, பக்கவாத நோயாளிகளுக்கென்று ஆக்ஸ்ஃபோர்டில் உருவாக்கப்பட்ட ஒரு சோதனை 2015-இல் வெளியானது. அது ஒரே கூட்டு மதிப்பெண்ணைத் தராமல் மொழி, கவனம், நினைவு, எண், செயல்திறன் எனத் தனித்தனியாகக் காட்டுகிறது.

இவை இரண்டுமே வாயிற்கதவுச் சோதனைகள்தாம். வேலை, வாகனம், பணப் பொறுப்பு போன்ற முடிவுகள் காத்திருந்தால் நரம்பியல் உளவியலாளரின் விரிவான மதிப்பீடு தேவை. மதிப்பீட்டுக்கு முன்பு பார்வை, செவித்திறன், படித்த அளவு, தாய்மொழி ஆகியவற்றைச் சோதிப்பவரிடம் சொல்லிவிடுங்கள். கண்ணாடி அணியாமல் எழுதிய சோதனையில் வாங்கிய குறைந்த மதிப்பெண்ணை மூளையின் கணக்கில் எழுதுவது நியாயமில்லை.

சேதமடைந்த மூளை எப்படித் தேறுகிறது? அதற்குக் காலக்கெடு உண்டா?

இறந்த உயிரணுக்கள் திரும்புவதில்லை. ஆயினும் சேதத்தைச் சூழ்ந்த வீக்கம் வடிகிறது. நேரடியாகச் சேதமடையாமல் தொடர்பு அறுந்ததால் முடங்கிப்போன பகுதிகள் மீண்டும் இயங்கத் தொடங்குகின்றன. மீதமிருக்கும் நரம்பிழைகள் புதிய இணைப்புகளை உண்டாக்குகின்றன. அடிக்கடி சேர்ந்து இயங்கும் நரம்பணுக்களுக்கு இடையேயான இணைப்பு வலுப்படுகிறது என்று கனடா நாட்டு உளவியலாளர் டொனால்ட் ஹெப் 1949-இல் முன்வைத்த கருத்துதான் இன்றைய பயிற்சி முறைகள் பலவற்றுக்கும் அடித்தளம்.

தேறுதலின் வேகம் முதல் மூன்று மாதங்களில் மிகுதி. ஆறு மாதங்களுக்குப் பிறகு அது தணிகிறது. ‘ஆறு மாதத்துக்குப் பிறகு ஒன்றும் ஆகாது’ என்று இதைப் புரிந்துகொள்வது தவறு. தானாக நிகழும் தேறுதல்தான் மெலிகிறது. கற்றுக்கொள்ளும் திறன் நின்றுவிடுவதில்லை. ஓர் ஆண்டு கழித்துப் புதிய உத்திகளைக் கற்று அன்றாட வாழ்க்கையைச் சீர்செய்துகொண்டவர்கள் உண்டு.

கைப்பேசி, கணினியில் உள்ள மூளைப் பயிற்சி விளையாட்டுகளுக்குப் பணம் கட்டலாமா?

இந்தக் கேள்விதான் அதிகம் கேட்கப்படுகிறது. விளம்பரங்களும் இதைச் சுற்றியே நடக்கின்றன. எனவே விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

ஒரு விளையாட்டைத் திரும்பத் திரும்ப ஆடினால் அந்த விளையாட்டில் தேர்ச்சி கூடும். அதில் யாருக்கும் ஐயமில்லை. அதைப் போன்ற வேறொரு சோதனையிலும் ஓரளவு முன்னேற்றம் தெரியலாம். கேள்வி என்னவென்றால், திரையில் வரும் படங்களை விரைவாகப் பொருத்தப் பழகியவர் மாத்திரையை நேரத்துக்கு எடுத்துக்கொள்ளவும், அடுப்பை அணைக்க மறக்காமல் இருக்கவும் அதனாலேயே பழகிவிடுவாரா? இதுவரையிலான ஆய்வுகளில் இந்த இடமாற்றம் மிகக் குறைவாகவே தென்படுகிறது. 2010-இல் நேச்சர் இதழில் வெளியான பெரும் ஆய்வு ஒன்றில் 11,430 பேர் ஆறு வாரங்கள் இணையவழிப் பயிற்சி செய்தார்கள். பயின்ற வேலைகளில் எல்லோரும் முன்னேறினார்கள். பயிலாத வேலைகளுக்கு, அவை நெருங்கிய தொடர்புடையவையாக இருந்தபோதும், அந்த முன்னேற்றம் பரவவில்லை. அவர்கள் நலமுள்ள பெரியவர்கள் என்பதால் அந்த முடிவை அப்படியே பக்கவாத நோயாளிகளுக்குப் பொருத்திவிட முடியாது என்பது உண்மை. ஆனால் நலமுள்ள மூளையிலேயே பரவாத பலன் காயம்பட்ட மூளையில் தானாகப் பரவும் என்று நம்புவதற்கும் காரணம் வேண்டுமல்லவா?

விளம்பரங்களைப் பொறுத்தவரை, 2016 ஜனவரியில் அமெரிக்காவின் கூட்டாட்சி வணிக ஆணையம் ‘லுமோசிட்டி’ என்னும் செயலியை நடத்திவந்த நிறுவனத்தின் மீது, ஏமாற்றும் விளம்பரம் செய்ததாகக் குற்றஞ்சாட்டியது. பக்கவாதத்தால் வரும் அறிதிறன் குறைபாட்டைக் குறைக்கும் என்பதும் அந்த ஆணையம் ஆதாரமற்றதாகக் குறிப்பிட்ட வாக்குறுதிகளுள் ஒன்று. 20 லட்சம் டாலர் செலுத்த அந்நிறுவனம் இணங்கியதோடு வழக்கு முடிந்தது.

அதற்காக, விளையாட்டுகளை முற்றிலும் ஒதுக்க வேண்டியதில்லை. சிகிச்சையாளர் ஒருவர் குறைபாட்டைக் கணித்து, கடினத்தைப் படிப்படியாகக் கூட்டி, திரையில் கற்றதை உண்மையான வேலையில் பயன்படுத்தக் கற்பிக்கும்போது கணினிப் பயிற்சிக்கு ஓர் இடம் உண்டு. நோயாளிக்கு அது பிடித்திருக்கிறது, பொழுது நன்றாகப் போகிறது, மனம் தெளிகிறது என்றால் அதுவும் ஒரு பலன்தான். விலை கேட்கப்படும் இடத்தில் மட்டும் ஒரு கேள்வியை எழுப்புங்கள்: இதைச் செய்தவர்களின் அன்றாட வேலைகளில் எது மேம்பட்டது என்று காட்ட முடியுமா? பதிலாக மதிப்பெண் பட்டியலை மட்டும் நீட்டினால், அந்தப் பணத்தை ஒரு நல்ல சிகிச்சையாளரின் சில மணி நேரத்துக்குச் செலவிடுவது மேல்.

குறுக்கெழுத்து, சுடோகு?

பிடித்திருந்தால் செய்யட்டும். சிகிச்சை என்று எண்ணிக் கட்டாயப்படுத்த வேண்டாம்.

அப்படியானால் அறிதிறன் மறுவாழ்வு சிகிச்சையில் என்னதான் செய்கிறார்கள்?

இரண்டு வழிகள் உள்ளன. குறைந்த திறனையே பயிற்சியால் உயர்த்த முயல்வது ஒன்று. குறை இருந்தபடியே வேலையை நடத்திக்கொள்ள மாற்று வழிகளைக் கற்பிப்பது மற்றொன்று. முதல் வழிக்குக் கவர்ச்சி அதிகம். இரண்டாவது வழிக்கு அன்றாடப் பலன் அதிகம் என்பதே இந்தத் துறையின் அனுபவம். நல்ல சிகிச்சையில் இரண்டும் கலந்தே இருக்கும்.

அன்றாட வேலைகளைச் செய்யப் பழக்கும் தொழில்வழி சிகிச்சையாளர், பேச்சு சிகிச்சையாளர், நரம்பியல் உளவியலாளர், இயன்முறை சிகிச்சையாளர் ஆகியோர் சேர்ந்து இதை நடத்துகிறார்கள். எல்லா இடங்களிலும் நால்வரும் கிடைக்க மாட்டார்கள். ஒருவரே கிடைத்தாலும் முதல் சந்திப்பில் ‘என்ன செய்ய முடிய வேண்டும்?’ என்பதைத் தெளிவாக முடிவு செய்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. ‘நினைவாற்றல் கூட வேண்டும்’ என்பது இலக்காகாது. ‘காலை மாத்திரைகளை ஒருவரும் சொல்லாமல் தாமே எடுத்துக்கொள்ள வேண்டும்’ என்பது இலக்கு. அது நிறைவேறியதா இல்லையா என்று எவராலும் சொல்லிவிட முடியும்.

சிந்தனை மந்தமாகிவிட்டது, கூட்டத்தில் உட்காரவே முடியவில்லை. என்ன செய்யலாம்?

கவனத்துக்கான பயிற்சிகள் பலவும் ஆராயப்பட்டிருக்கின்றன. மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடும் காக்ரேன் என்னும் பன்னாட்டு அமைப்பின் மதிப்பீடுகளின்படி, ஒரே நேரத்தில் இரண்டு விஷயங்களைக் கவனிக்கும் திறன் பயிற்சி முடியும் தறுவாயில் கூடியிருக்கலாம். அந்தப் பலன் நீடிக்கிறது என்பதற்குச் சான்று வலுவாக இல்லை. ஆகவே பயிற்சியோடு சூழலையும் மாற்ற வேண்டும்.

நெதர்லாந்தில் உருவான ‘நேர அழுத்த மேலாண்மை’ என்னும் முறை இங்கே பயனுள்ளது. தன் மூளை இப்போது மெதுவாக இயங்குகிறது என்பதை நோயாளி முதலில் ஏற்றுக்கொள்கிறார். அவசரம் வருவதற்கு முன்பே அதை எதிர்பார்த்துத் தனக்குக் கூடுதல் நேரத்தை ஏற்பாடு செய்துகொள்ளப் பழகுகிறார். நடுவில் அவசரம் வந்துவிட்டால் ‘சற்று நிறுத்துங்கள், மீண்டும் சொல்லுங்கள்’ என்று கேட்கக் கற்கிறார். வீட்டிலும் இதைப் பின்பற்றலாம். பேசும்போது தொலைக்காட்சியை நிறுத்துங்கள். ஒருவர் பேசி முடித்த பிறகு அடுத்தவர் பேசட்டும். ஒரே மூச்சில் மூன்று செய்திகளைச் சொல்லாதீர்கள். நடந்துகொண்டிருப்பவரிடம் முக்கியமான கேள்வி எதையும் கேட்காதீர்கள். நடையும் பேச்சும் ஒரே கவனத்துக்குப் போட்டியிடும்போது தடுமாறி விழும் வாய்ப்பு கூடுகிறது.

நினைவாற்றலுக்கு என்ன வழி?

தவறு செய்து திருத்திக்கொள்வதே கற்கும் வழி என்று நாம் பழகியிருக்கிறோம். நினைவு கடுமையாகப் பாதிக்கப்பட்டவர்களுக்கு அது பொருந்துவதில்லை, ஏனெனில் அவர்களுக்குத் திருத்தம் மறந்துபோய்த் தவறு மட்டும் தங்கிவிடுகிறது. பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் ஆலன் பேட்லியும் பார்பரா வில்சனும் 1994-இல் இதைச் சோதித்துக் காட்டினார்கள். ஆகவே ‘இவர் பெயர் என்ன, யோசித்துச் சொல்லுங்கள்’ என்று சோதிப்பதை விட்டுவிட்டுப் பெயரை முதலிலேயே சொல்லி, திருப்பிச் சொல்லச் செய்து, இடைவெளியை அரை நிமிடம், ஒரு நிமிடம், இரண்டு நிமிடம், ஐந்து நிமிடம் எனச் சிறிது சிறிதாக நீட்டிக் கேட்பது நல்லது. பார்க்க வந்தவர்கள் எல்லோரும் ‘என்னைத் தெரிகிறதா?’ என்று கேட்கும் வழக்கத்தை அன்போடு தடுத்துவிடுங்கள். அது யாருக்கும் எதையும் கற்பிப்பதில்லை; கேட்கப்படுபவரைக் கூனிக்குறுகத்தான் வைக்கிறது.

அடுத்தது வெளித் துணைகள்: நாட்குறிப்பு, சுவரில் பெரிய நாட்காட்டி, கிழமை வாரியாகப் பிரித்த மாத்திரைப் பெட்டி, கைப்பேசி அலாரம். 2001-இல் பிரிட்டனில் வெளியான ஓர் ஆய்வில் மூளைப் பாதிப்புள்ள 143 பேருக்கு, குறித்த நேரத்தில் ‘இப்போது இதைச் செய்யுங்கள்’ என்று செய்தி அனுப்பும் பேஜர் கொடுத்துப் பார்த்தார்கள். அவர்களில் 80 சதவீதத்துக்கும் மேற்பட்டோர் அன்றாட வேலைகளைக் குறிப்பிடத்தக்க அளவு கூடுதலாகச் செய்து முடித்தார்கள். அன்று பேஜர் செய்ததை இன்று எந்தக் கைப்பேசியும் செய்யும். ஆனால் அலாரத்தில் வெறும் மணியோசை போதாது. ‘இரவு மாத்திரை, நீலப் பெட்டி’ என்று செய்தியும் தெரிய வேண்டும். ஓசையைக் கேட்டு அணைத்துவிட்டு, எதற்கு ஒலித்தது என்று மறந்துபோவதுதான் இவர்களிடம் வழக்கமாக நடப்பது.

எல்லாவற்றையும் எழுதிவைத்தால் மூளை சோம்பேறியாகிவிடாதா?

ஆகாது. நாட்குறிப்பைப் பயன்படுத்துவதால் நினைவாற்றல் மேலும் குறையும் என்பதற்குச் சான்று இல்லை. எழுதவும், சரியான நேரத்தில் திறந்து பார்க்கவும், பார்த்ததைச் செய்யவும் கவனமும் திட்டமும் தேவைப்படுகின்றன. அதுவே ஒரு பயிற்சிதான். கண்ணாடி அணிபவரைக் கண்ணைச் சோம்பேறியாக்குகிறார் என்று யாரும் கடிந்துகொள்வதில்லை. ஒருவருக்கு இந்தத் துணை நன்றாக உதவினால் ‘தேறிவிட்டார்’ என்று எண்ணி அதை நிறுத்திவிடவும் கூடாது. பேஜர் ஆய்வில் பங்கேற்ற பக்கவாத நோயாளிகளின் நிலை, கருவி திரும்பப் பெறப்பட்ட பின் பழைய இடத்துக்கே சரிந்ததைப் பின்னர் வந்த பகுப்பாய்வு காட்டியது.

தட்டில் இடது பக்க உணவை விட்டுவிடுகிறார்; இடது பக்கக் கதவு நிலையில் இடித்துக்கொள்கிறார். கண் பார்வைக் கோளாறா?

கண் மருத்துவரும் பார்க்க வேண்டும். பாதிப் பார்வை இழப்பும் பக்கவாதத்தில் வருவதுண்டு. ஆனால் பார்வை நன்றாக இருந்தும் ஒரு பக்கம் மனத்திலிருந்தே விலகிப்போகும் நிலை ஒன்று உண்டு. ‘ஒருபக்கப் புறக்கணிப்பு’ எனப்படும் இது பெரும்பாலும் மூளையின் வலது பாதி சேதமடைந்தவர்களுக்கு இடது பக்கத்தில் ஏற்படுகிறது.

இது கண்ணின் கோளாறு இல்லை என்பதை இத்தாலியின் மிலான் நகரில் எடோவார்டோ பிஸியாக், கிளாடியோ லுட்சாட்டி ஆகிய இருவரும் 1978-இல் அழகாக நிறுவினார்கள். அந்நகரின் தேவாலயச் சதுக்கத்தை நன்கு அறிந்த நோயாளிகளை, சதுக்கத்தின் எதிர்முனையில் தேவாலயத்தைப் பார்த்து நிற்பதாகக் கற்பனை செய்து, காண்பவற்றைச் சொல்லும்படி கேட்டார்கள். வலப்பக்கக் கட்டடங்களைச் சொன்னார்கள், இடப்பக்கத்தவற்றை விட்டுவிட்டார்கள். பிறகு தேவாலயத்தின் வாசலிலிருந்து சதுக்கத்தைப் பார்ப்பதாகக் கற்பனை செய்யச் சொன்னார்கள். இப்போது, முன்பு விட்ட கட்டடங்கள் வலப்பக்கம் வந்ததால் அவற்றைச் சொன்னார்கள். முன்பு சொன்னவை விடுபட்டன. தகவல் முழுதும் நினைவில் இருந்தது. இடப்பக்கம் திரும்பத்தான் கவனத்துக்கு இயலவில்லை.

ஆகவே ‘உன்னிப்பாகப் பார்’ என்று அதட்டுவதில் பொருளில்லை. பார்வையை இடது ஓரம் வரை கொண்டுபோய் அங்கிருந்து தொடங்கும் பழக்கத்தைப் பயிற்றுவிக்க வேண்டும். படிக்கும் பக்கத்தின் இடது ஓரத்தில் தடித்த சிவப்புக் கோடு வரைந்து, அந்தக் கோடு தெரிந்த பிறகே வரியைப் படிக்கத் தொடங்கச் செய்வது பழைய, எளிய முறை. இடது கையில் சிறிதளவேனும் அசைவு இருந்தால் அதைப் பயன்படுத்தச் செய்வதும் அந்தப் பக்கத்துக் கவனத்தைத் தூண்டும். காட்சியை வலப்புறம் விலக்கிக் காட்டும் பட்டகக் கண்ணாடிகளைச் சில நிமிடங்கள் அணிந்து பொருள்களைச் சுட்டிப் பழகினால் புறக்கணிப்பு தற்காலிகமாகக் குறைகிறது என்று பிரான்சில் 1998-இல் கண்டறிந்தார்கள். பிற்காலச் சோதனைகளின் முடிவுகள் ஒன்றுபோல் அமையவில்லை. முக்கியமான பொருள்கள், அழைப்பு மணி, தண்ணீர் ஆகியவற்றை வலப்பக்கமே வையுங்கள். இடப்பக்கம் வைத்துப் பழக்கலாம் என்று நினைத்து அழைப்பு மணியையே கைக்கெட்டாமல் செய்துவிட வேண்டாம்.

எதையும் தானாகத் தொடங்குவதில்லை. சோம்பலா, பிடிவாதமா?

பெரும்பாலும் இரண்டுமில்லை. மூளையின் முன்பகுதியும் அதோடு இணைந்த வலைப்பின்னலும் பாதிக்கப்பட்டால், செய்யத் தெரிந்த வேலையைத் தொடங்குவதற்கான உந்துதலே எழுவதில்லை. தொடங்கினாலும் நடுவில் வேறொன்றில் நின்றுவிடும். நில், என்ன செய்துகொண்டிருக்கிறேன் என்று கேள், வேலையைச் சிறு படிகளாகப் பிரி, ஒவ்வொன்றையும் முடித்துச் சரிபார் என்று கற்பிக்கும் ‘இலக்கு மேலாண்மைப் பயிற்சி’ இதற்கென்றே உருவானது. வீட்டில் செய்யக்கூடியது, ஒவ்வொரு நாளையும் ஒரே ஒழுங்கில் அமைப்பது. குளியலறைக் கண்ணாடி அருகே படிகளை எழுதி ஒட்டுவது. ‘ஏதாவது செய்யுங்களேன்’ என்று சொல்லாமல் முதல் படியை மட்டும் குறிப்பாகச் சொல்வது. முதல் படி நடந்துவிட்டால் அடுத்தவை பல நேரம் தாமாக வரும்.

தனக்கு எந்தக் குறையும் இல்லை என்கிறார். பொய் சொல்கிறாரா?

தன் குறையை அறியும் திறனே சேதமடையலாம். கை செயலிழந்திருந்தும் அதை உணராத நோயாளிகளைப் பிரெஞ்சு நரம்பியலாளர் ஜோசப் பாபின்ஸ்கி 1914-இலேயே விவரித்திருக்கிறார். வாதிட்டு ஒப்புக்கொள்ள வைக்க இயலாது. ஒரு வேலையைச் செய்யும் முன் ‘எத்தனை சரியாக வரும்?’ என்று அவரையே கணிக்கச் சொல்லி, முடித்த பின் அவரே ஒப்பிட்டுப் பார்க்கும்படி சிகிச்சையாளர்கள் ஏற்பாடு செய்வார்கள். பாதுகாப்பு தொடர்பான விஷயங்களில் மட்டும் அவருடைய ஒப்புதலுக்காகக் காத்திருக்க வேண்டாம்.

பேச்சு பாதிக்கப்பட்டால் அறிவும் குறைந்துவிட்டது என்று பொருளா?

இல்லை. அஃபேசியா என்னும் மொழிக் குறைபாட்டில் எண்ணம் இருக்கும், சொல் கிடைக்காது. அல்லது கேட்ட சொல்லின் பொருள் எட்டாது. குழந்தையிடம் பேசுவதுபோல் பேசாதீர்கள். குட்டையான முழு வாக்கியங்களில் பேசி, ஆம் அல்லது இல்லை என்று விடை வரும்படி கேட்டு, சைகை, படம், எழுத்து எல்லாவற்றையும் ஏற்றுக்கொள்ளுங்கள். தொடர்ந்து செறிவாகச் செய்யப்படும் பேச்சுப் பயிற்சி, நாட்பட்ட அஃபேசியாவிலும் பலன் தருகிறது.

பத்து நிமிடப் பயிற்சியிலேயே களைத்துப்போகிறார். ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம் செய்ய வேண்டும்?

பக்கவாதத்துக்குப் பின் வரும் களைப்பு ஏறத்தாழ பாதிப் பேரைப் பிடிக்கிறது. உறக்கத்தால் முழுமையாகத் தீராத களைப்பு அது. சிகிச்சை வழிகாட்டுதல்களை வகுக்கும் பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2023-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், எல்லா மறுவாழ்வு சிகிச்சைகளும் சேர்த்து நாளுக்குக் குறைந்தது மூன்று மணி நேரம், வாரத்தில் குறைந்தது ஐந்து நாட்கள் அளிக்கப் பரிந்துரைக்கிறது. நோயாளியின் தேவைக்கும் தாங்கும் சக்திக்கும் ஏற்ப அதைக் குறைத்துக்கொள்ளலாம். சிந்தனைப் பயிற்சியை அந்தப் பொழுதுக்குள் பதினைந்து, இருபது நிமிடத் துண்டுகளாகப் பிரித்து, அவர் தெளிவாக இருக்கும் வேளையில் வைப்பது நல்லது. தவறுகள் திடீரெனக் கூடினால் நிறுத்துங்கள். அதற்கு மேல் செய்வது பயிற்சியாகாது.

முதல் நாளிலேயே தீவிரமாகத் தொடங்க வேண்டும் என்ற ஆர்வமும் ஆபத்தே. 2,104 பேர் பங்கேற்ற ‘அவெர்ட்’ என்னும் பன்னாட்டு ஆய்வின் முடிவு 2015-இல் வெளியானது. முதல் 24 மணி நேரத்துக்குள் அடிக்கடி எழுப்பி நடமாடச் செய்யப்பட்டவர்கள், வழக்கமான கவனிப்பைப் பெற்றவர்களைவிட மூன்று மாதங்களில் சற்றுக் குறைவாகவே தேறியிருந்தார்கள். அது உடல் இயக்கம் பற்றிய ஆய்வு. எனினும் தொடக்க நாட்களில் மூளைக்கும் ஓய்வு தேவை என்பதை மறக்கக் கூடாது.

மனச்சோர்வும் சிந்தனையைக் கெடுக்குமா?

கெடுக்கும். பக்கவாதம் வந்தவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு மனச்சோர்வு ஏற்படுகிறது. அது கவனத்தையும் நினைவையும் பயிற்சியில் உள்ள ஆர்வத்தையும் ஒருசேரக் குறைக்கும். சிகிச்சை அளித்தால் தணியக்கூடியது. உறக்கத்தில் மூச்சு தடைபடும் கோளாறும் இவர்களிடம் பரவலாக உண்டு. பகலில் தூங்கி வழிபவரை அதற்காகச் சோதிப்பது நல்லது.

மூளையைத் தேற்றும் மருந்து உண்டா?

பக்கவாதத்தால் வந்த அறிதிறன் குறைபாட்டை மீட்டுத் தருவதாக உறுதியாக நிறுவப்பட்ட மருந்து இன்றுவரை இல்லை. ஃப்ளூயாக்ஸெடின் என்னும் மனச்சோர்வு மருந்து மீட்சியை விரைவுபடுத்தும் என்று 2011-இல் எழுந்த நம்பிக்கையை, மூவாயிரத்துக்கும் மேற்பட்டோர் பங்கேற்ற 2018-ஆம் ஆண்டு ஆய்வு பொய்யாக்கியது. மனச்சோர்வு குறைந்தது, ஆனால் செயல்திறன் கூடவில்லை, எலும்பு முறிவுகள் மிகுந்தன. மறுபக்கம், சிந்தனையை மங்கச் செய்யும் மருந்துகள் உண்டு: சில தூக்க மாத்திரைகள், சில ஒவ்வாமை மருந்துகள், சிறுநீர்ப்பை மருந்துகள் சில. எடுத்துவரும் எல்லா மருந்துகளின் பட்டியலையும் மருத்துவரிடம் காட்டி, எதைக் குறைக்கலாம் என்று கேளுங்கள். நீங்களாக எதையும் நிறுத்தாதீர்கள்.

இசை, உடற்பயிற்சி?

இரண்டும் வேண்டும். ஃபின்லாந்தில் 2008-இல் வெளியான ஆய்வில், 60 நோயாளிகளில் ஒரு பிரிவினர் தமக்குப் பிடித்த இசையையும், ஒரு பிரிவினர் ஒலிப் புத்தகங்களையும் இரண்டு மாதங்கள் தினமும் கேட்டார்கள். மூன்றாம் பிரிவினருக்கு எதுவும் தரப்படவில்லை. இசை கேட்டவர்களின் சொல் நினைவும் குவிந்த கவனமும் மற்றவர்களைவிட அதிகம் தேறின; மனமும் குறைவாகவே வாடியது. சிறிய ஆய்வுதான். ஆனால் இழப்பதற்கு எதுவுமில்லாத முயற்சி என்பதால் தயங்க வேண்டியதில்லை. மருத்துவர் அனுமதித்த அளவில் நடை, உடற்பயிற்சி ஆகியவை அறிதிறனுக்குச் சிறிதளவும், அடுத்த பக்கவாதத்தைத் தடுப்பதற்குப் பெரிதளவும் உதவுகின்றன.

மீண்டும் வாகனம் ஓட்டலாமா? வேலைக்குப் போகலாமா?

காலும் கையும் இயங்குவது வாகனம் ஓட்டப் போதுமான தகுதி ஆகாது. ஒருபக்கப் புறக்கணிப்போ பாதிப் பார்வை இழப்போ உள்ளவர் நன்றாக ஓட்டுவதாகத் தாமே உறுதியாக நம்பக்கூடும், அதுதான் ஆபத்து. முறையான மதிப்பீடும், முடிந்தால் பயிற்றுநருடன் சாலையில் சோதனையும் ஆகும்வரை சாவியைக் கொடுக்காதீர்கள். அந்தந்த நாட்டுச் சட்டம் விதிக்கும் காத்திருப்புக் காலமும் உண்டு. வேலைக்குத் திரும்புவோர் குறைந்த நேரத்தில், அமைதியான அறையில், ஒரு நேரத்தில் ஒரு பணி என்று தொடங்கிப் படிப்படியாகக் கூட்ட வேண்டும். பெரிய தொகைகள், கையெழுத்துகள் ஆகியவற்றில் சில காலம் இன்னொருவரும் சேர்ந்து சரிபார்ப்பது எல்லோருக்கும் பாதுகாப்பு.

எந்த மாற்றத்தைக் கண்டால் உடனே மருத்துவரிடம் போக வேண்டும்?

தேறிக்கொண்டிருந்தவரிடம் திடீரெனக் குழப்பம், முகக் கோணல், கை கால் தளர்ச்சி, பேச்சுக் குழறல், பார்வை மங்கல், கடும் தலைவலி ஆகியவற்றுள் ஒன்று தோன்றினாலும், அது மறைந்துவிட்டாலும்கூட, அவசர சிகிச்சைக்கு உடனே செல்லுங்கள். அறிகுறி தொடங்கிய நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள், ஏனெனில் அடைப்பைக் கரைக்கும் சிகிச்சை அந்த நேரத்தை வைத்தே முடிவாகிறது. ஓரிரு நாட்களில் நினைவு மங்கி, பகலில் மயங்கி, இரவில் பிதற்றினால் சிறுநீர்த் தொற்று, நீரிழப்பு, மருந்தின் விளைவு போன்ற காரணங்கள் இருக்கலாம். அன்றைய தினமே பரிசோதனை தேவை. மாதக்கணக்கில் மெல்ல மெல்லச் சரிவு தெரிந்தால், முதலில் செய்த அதே அறிதிறன் சோதனையை மீண்டும் செய்து பழைய மதிப்பெண்ணோடு ஒப்பிடும்படி கேளுங்கள். முதல் சோதனையின் தாளைப் பத்திரமாக வைத்திருக்க வேண்டியது இதற்காகத்தான்.